கடலுக்கு வாசித்துக் காட்டாத கடதாசி

அண்ணை,

அன்று பூவரச மரத்தின் கீழ் நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு விஷயம். தெரியாமல் பிழை நடக்கக்கூடிய இடத்தில், பிழைக்குப் பிழை பதில் கொடுக்கும் ஒழுங்கு நிலைக்காது, சில வேளைகளில் பதில் கொடுக்காமல் விடவும் வேண்டும் என்பதுதான் அது. மேற்குக் கரைச் சூசையப்பர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். பதில் எனக்குத் தெரிந்திருந்தது. நான் பேனையின் மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தேன்.

இரண்டு வருடமாக இதை ஒருவருக்கும் சொல்லவில்லை. இன்று எழுத வைத்தது ஒரு கயிற்றுத் துண்டு.

எங்கள் வீட்டில் இப்போது உடுவிலிலிருந்து இடம்பெயர்ந்து வந்த ஒரு குடும்பம் இருக்கிறது. மழையில் நடந்து வந்தவர்கள். நீங்கள் வலை வைத்திருந்த கொட்டிலைத்தான் அம்மா அவர்களுக்கு ஒதுக்கிக் கொடுத்தா. இன்று காலை அந்த அக்கா நனைந்த உடுப்புகளைக் காயப்போடக் கயிறு கேட்டா. அம்மா பரணிலிருந்து உங்கள் பழைய வலையின் மேற்கயிற்றை எடுத்துக் கொடுத்தா. பிரித்தபோது அதே மணம்: காய்ந்த பாசி, மண்ணெண்ணெய், கொஞ்சம் மீன் செதில். கயிற்றின் ஒரு முனை நார் நாராகப் பிரிந்து போயிருந்தது. மற்ற முனை ஒரே வெட்டு. கல்லில் தேய்ந்து அறுந்த கயிறு எப்படி இருக்கும், கத்தியால் அறுத்த கயிறு எப்படி இருக்கும் என்று எங்கள் கரையில் எல்லோருக்கும் தெரியும்.

“தங்கச்சி, நீளமாக் கிடக்கு. பாதியிலை வெட்டட்டே?” என்று கேட்டா அந்த அக்கா.

“வேண்டாம் அக்கா. மடிச்சுக் கட்டுங்கோ,” என்றேன். அவ மடித்துக் கட்டினா.

நான் பல்கலைக்கழகத்தில் சர்வதேச உறவுகளைப் பாடமாக எடுத்தபோது அம்மாவுக்கு அது என்ன பாடம் என்று விளங்கவில்லை. “படிச்சு முடிய எங்கை வேலை?” என்று கேட்டா. உங்களுக்குத்தான் அது பிடித்துப் போனது. சனி, ஞாயிறுகளில் நான் வீட்டுக்கு வந்தால், மத்தியானத்துக்குப் பிறகு நீங்கள் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருப்பீர்கள். நான் பக்கத்தில் சாக்கு விரித்து இருந்து, விரிவுரைக் குறிப்புகளை வாசிப்பேன். உங்களுக்காக வாசிக்கவில்லை. எனக்கு வாய்விட்டு வாசித்தால்தான் மனதில் நிற்கும். ஒருநாள் வலை ஊசியை நிறுத்திவிட்டுக் கேட்டீர்கள்:

“அப்ப நாடுகளுக்கு மேலை ஊர் விதானை மாதிரி ஒருத்தரும் இல்லையோ?”

“இல்லை. அதுதான் அங்கை பிரச்சினையே. ஆர் பிழை விட்டாலும் பிடிச்சுக் கேக்க மேலை ஆள் இல்லை.”

“ஐக்கிய நாடுகள் சபை எண்டு ஒண்டு கிடக்கே?”

“கிடக்கு.”

“அது எங்கடை சங்கம் மாதிரி ஆக்கும். கூட்டம் வைப்பினம், தேத்தண்ணி குடிப்பினம், தீர்மானம் எழுதுவினம்.”

நீங்கள்தான் எங்கள் கரையின் கடற்றொழிலாளர் சங்கச் செயலாளர். அதனால் உங்களுக்கு அப்படிச் சொல்ல உரிமை இருந்தது. அன்று நான் சிரித்த சிரிப்பில் அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தா.

இன்னொரு நாள், ஒரு நாடு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் படை சேர்த்தால் பக்கத்து நாடு அதைத் தனக்கு எதிரானது என்று நினைத்துத் தானும் சேர்க்கும், முடிவில் இரண்டுக்கும் பயம்தான் கூடும் என்று வாசித்தேன். அதற்குப் பாதுகாப்பு இக்கட்டு என்று பெயர். நீங்கள் தலையை நிமிர்த்தாமலே சொன்னீர்கள்: “உதை எழுத இவ்வளவு படிச்சவங்கள் வேணுமே? மேற்குக் கரையார் ஒற்றைப் பனையடியிலை காவலுக்கு ஒருத்தனை விட்டாங்கள். நாங்கள் பயந்து ரெண்டு பேரை விட்டம். இப்ப அங்கை ஆறு பேர் பொல்லோடை நிக்கிறாங்கள். மீன் பிடிக்கத்தான் ஆள் இல்லை.”

“அதுக்குத்தான் அண்ணை பேர் வைச்சிருக்கினம்.”

“பேர் வைச்சா வருத்தம் மாறுமே, பிள்ளை?”

அந்த நோய் எங்கள் கரைக்கு எப்படி வந்தது என்பதை, இதை எப்போதாவது வேறு யாரும் வாசிக்க நேர்ந்தால் விளங்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். எங்கள் கரையும் மேற்குக் கரையும் பக்கத்துப் பக்கத்துக் கரைகள். இடையில் எல்லையாக ஒரு தனிப் பனை. அவர்கள் கரைவலைக்காரர்: வலையை வள்ளத்தில் கொண்டுபோய்க் கடலில் அரைவட்டமாக வளைத்துவிட்டு, இரண்டு பக்கக் கயிற்றையும் கரையில் நின்று இருபது முப்பது பேர் இழுப்பார்கள். அவர்கள் வலை வளைக்கும் கடல்பகுதிக்குப் பாடு என்று பெயர். நாங்கள் அதற்கு வெளியே, ஆழத்தில், நைலோன் வலைகளை மிதக்கவிட்டுத் தொழில் செய்தவர்கள். அவர்களுக்கு மாதா கோயில், எங்களுக்கு அம்மன் கோயில். அவர்களுடைய மீனும் எங்களுடைய மீனும் ஒரே பருத்தித்துறைச் சந்தைக்குத்தான் போகும். முன்பு சண்டை வர இடமிருக்கவில்லை. கடல் பெரிதாக இருந்தது.

பிறகு கடலைச் சுருக்கினார்கள். கரையிலிருந்து கூப்பிடு தூரத்துக்கு அப்பால் போகக் கூடாது, பகலில் மட்டும்தான் போகலாம் என்று கட்டளை வந்தது. மீறினால் வெளியே காவல் நிற்கும் கடற்படைப் படகுகள் சுடும். ஆழக்கடல் தொழிலாளர் எல்லோரும் கரைக்கு ஒதுங்கினோம். அங்கே ஏற்கெனவே அவர்களுடைய பாடு இருந்தது. வலை வலையோடு சிக்கியது. வாய் வார்த்தை கைகலப்பானது. எங்கள் கரை ராசன் அண்ணையின் மண்டை உடைந்து நான்கு தையல் போட்டது அந்த ஆனி மாதத்தில்தான்.

அந்தக் காலத்தில்தான் நான் அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்தேன்.

நூலகத்தில் மூன்று நாள் தவணையில் எடுத்த புத்தகம். மேலே அரசு இல்லாத இடத்தில் தன்னலக்காரர் இருவர் எப்படி ஒத்துழைக்கலாம் என்பது அதன் கேள்வி. விடை மிகவும் எளியது. முதலில் நல்லபடி தொடங்கு. அவன் மீறினால் நீயும் ஒருமுறை மீறு. அவன் திருந்தினால் உடனே நீயும் திருந்து. பழையதை மனதில் வைக்காதே. இரண்டு பேரும் நாளைக்கும் சந்திக்கத்தான் வேண்டும் என்றால், இந்த முறையிலேயே இருவரும் ஒழுங்குக்கு வந்துவிடுவார்கள். பேச்சு வேண்டியதில்லை. செய்கையே பேசும்.

நான் வாசித்துக் காட்டியபோது உங்கள் கையிலிருந்த ஊசி நின்றுவிட்டது.

“கதையாமலோ?”

“ஓம். கதைச்சு ஒப்பந்தம் செய்ய ஏலாத இடத்திலையும் இது நிக்கும் எண்டுதான் எழுதி இருக்கு.”

“எங்கடை கரையிலை கதையாமல் ஒரு வேலை நடந்தால் அதே ஒரு புதுமைதான்,” என்றீர்கள். ஆனால் உங்கள் முகத்தில் பகிடி இருக்கவில்லை. “திருப்பி ஒருக்கா வாசி, பார்ப்பம்.”

மூன்று தரம் வாசித்தேன். நீங்கள் கேள்வி கேட்டீர்கள், நான் பதில் சொன்னேன். என் பாடத்தைப் பற்றி என்னிடம் ஒருவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. வகுப்பில் நான் வாய் திறப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். மறுநாள் பின்னேரம், புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நாளில், நூலக மேசையில் இருந்து மிச்சத்தை வாசித்தேன். முடிவை நெருங்கும் இடத்தில் இரண்டு மூன்று பக்கம். ஒருவன் மீற நினைக்காமலே மீறியதுபோல மற்றவனுக்குத் தோன்றினால் என்ன நடக்கும் என்பதைப் பற்றியது. அவன் பதில் கொடுப்பான். இவன் அதைப் புதிய மீறல் என்று எண்ணிப் பதில் கொடுப்பான். கிணற்றுக்குள் கத்தியதுபோல அது திரும்பித் திரும்பி வந்துகொண்டே இருக்கும், தானாக நிற்காது. ஆகவே இடைக்கிடை ஒரு மீறலைக் காணாததுபோல விடவேண்டும்.

நேரமாகிவிட்டது. கொப்பியில் எழுதவில்லை. எழுதாவிட்டாலும் மறக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை நான் வந்தபோது நீங்கள் சங்கத்தில் கதைத்து முடித்திருந்தீர்கள். மேற்குக் கரைக்கும் ஆள் போய் வந்துவிட்டது. “நாளைக்குப் பூசை முடிய பூவரசடியிலை கூட்டம். உன்ரை கையெழுத்துத்தான் வடிவு. நீ வந்து எழுது,” என்றீர்கள். அம்மா, “குமர்ப்பிள்ளை ஆம்பிளையளின்ரை கூட்டத்துக்கோ?” என்று இழுத்தா. “அவ எங்கடை வெளிநாட்டமைச்சர் அம்மா. அவ இல்லாமல் ஒப்பந்தம் செல்லாது,” என்றீர்கள். அந்தப் பக்கங்களைப் பற்றி அன்றே சொல்லியிருக்கலாம். நீங்கள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தீர்கள். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன்.

தென்மேற்கிலிருந்து சோழகக் காற்று வீசும் காலம். மணல் பறந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் இருபது பேர், இந்தப் பக்கம் இருபது பேர். அவர்களுக்குத் தலைமையாக வந்தவர் சூசையப்பர். கரைவலைச் சம்மாட்டி, அதாவது வலைக்குச் சொந்தக்காரர், அறுபது வயதிருக்கும். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சேட்டு. நான் மரத்தின் வேரில் இருந்து, கொப்பித்தாளில் நீங்கள் சொல்லச் சொல்ல எழுதினேன். நான்கு வரி.

மத்தியானம்வரை ஒற்றைப் பனைக்கு மேற்கே எங்கள் வலை எதுவும் வரக்கூடாது, மத்தியானத்துக்குப் பிறகு கரைவலை வளைக்கக்கூடாது. ஒருவர் மீறினால் மற்றவர் ஒருமுறை, அதே அளவுக்கு, மீறலாம். அதோடு இரு பகுதியும் பழைய ஒழுங்குக்குத் திரும்ப வேண்டும். நியாயம் கேட்டு ஒருவரும் மற்றவர் கரைக்குப் போகக்கூடாது, கை ஓங்கவும் கூடாது.

சத்தமாக வாசித்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள். ராசன் அண்ணை தன் தையல் தழும்பைத் தடவிக்கொண்டு, “இதை முன்னமே எழுதியிருந்தா என்ரை மண்டை தப்பியிருக்கும்,” என்றார். சிரித்தார்கள். அப்போதுதான் சூசையப்பர் கேட்டார்:

“எல்லாம் வடிவாத்தான் கிடக்கு. பிள்ளை, உன்னட்டை ஒண்டு கேக்கிறன். ஒருத்தன் தெரியாமல் பிழை விட்டால்?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் நினைத்துக்கொண்டிருந்தேன்: இப்போது சொன்னால் நான்கு வரியும் கலைந்துவிடும். எது தெரிந்து செய்தது, எது தெரியாமல் செய்தது என்று வாதம் தொடங்கும். அண்ணை எழுந்து நிற்கிறார். அவர் சொல்லிக் கொடுத்த ஒப்பந்தத்தில் ஓட்டை இருக்கிறது என்று அவருடைய தங்கையே அந்தக் கரையாருக்கு முன்னால் சொல்வதா? கூச்சத்தால்தான் வாயடைத்துப்போனேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அது பாதி. மற்றப் பாதியை உங்களுக்குத்தான் சொல்லமுடியும். நான் வாசித்த ஒன்று முதன்முதலாக உலகத்தில் எழுந்து நின்றது. அது ஒரு பக்கம் சாய்வதை நான் பார்க்க விரும்பவில்லை.

நான் பேசாதிருந்ததால் நீங்கள் பதில் சொன்னீர்கள். “சம்மாட்டியார், தெரிஞ்சு விட்டது, தெரியாமல் விட்டது எண்டு பிரிக்கப்போனால் பிறகும் கதைதான். கதைச்சுத்தானே இவ்வளவு நாளும் மண்டை உடைஞ்சது. வாடைக்காத்துக்கு நீரோட்டம் திரும்பும், எங்களுக்கும் தெரியும். எங்கடை ஆக்கள் கவனமா இருப்பினம்.”

சூசையப்பர் கடல் பக்கம் திரும்பினார். “சரி தம்பி. அப்ப இந்தக் கடதாசியைக் கடலுக்கும் ஒருக்கா வாசிச்சுக் காட்டி விடுங்கோ,” என்றார். இரண்டு கரையும் சேர்ந்து சிரித்தது. கடைசியாக இரண்டு கரையும் சேர்ந்து சிரித்தது அதற்குத்தான். அவர் கையெழுத்து வைத்தார். நீங்கள் வைத்தீர்கள்.

இரண்டு மாதம் அந்த ஒப்பந்தம் நிலைத்தது. காவலுக்கு நின்ற ஆறு பேரும் தொழிலுக்குப் போனார்கள். ஒருமுறை அவர்கள் மத்தியானம் கடந்து வலை இழுத்தார்கள். மறுநாள் நாங்கள் ஒரு மணித்தியாலம் முந்தி மேற்கே போனோம். அதோடு சரி. புத்தகத்தில் எழுதியிருந்தபடியே நடந்தது. நீங்கள் என்னைச் சந்தைக்குச் சைக்கிளில் ஏற்றிப்போன அன்று வழி நெடுக அதையேதான் கதைத்தீர்கள். “பெரிய நாடுகளுக்கும் இதை எழுதி அனுப்பலாமடி,” என்றீர்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பக்கங்கள் எங்களுக்குப் பொருந்தாதவை என்று நம்பத் தொடங்கினேன்.

ஒப்பந்தத்தைச் சோழகத்தில் எழுதினோம். சோழகத்தில் நீரோட்டம் எங்கள் வலைகளைக் கிழக்கே, எல்லையை விட்டு விலகித் தள்ளும். ஐப்பசி கழியும்போது வடகிழக்கிலிருந்து வாடைக்காற்று தொடங்கியது. நீர் மேற்கே திரும்பியது. ஒருநாள் காலை ராசன் அண்ணையின் வலை நங்கூரக் கல்லை இழுத்துக்கொண்டு ஒற்றைப் பனையைக் கடந்து போய், இழுபட்டுக்கொண்டிருந்த கரைவலைக்குள் சிக்கியது. கரைவலை நிறைய மீன். இழுப்பதை நிறுத்தினால் மீன் போய்விடும். அவர்கள் ராசன் அண்ணையின் வலையை மூன்று இடத்தில் அறுத்து, தங்கள் வலையை மீட்டு இழுத்தார்கள்.

முன்பு இப்படி நடந்தால் என்ன செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். வலைக்காரன் கரை வழியே நடந்து போவான். “மச்சான், நீர் இழுத்துப் போட்டுது,” என்பான். அவர்கள் நாலு தூஷணம் சொல்வார்கள். பிறகு வலையையும் கறிக்கு மீனையும் கொடுத்து அனுப்புவார்கள். அந்த நடையை நான் என் வடிவான கையெழுத்தில் தடைசெய்திருந்தேன்.

ராசன் அண்ணை போகவில்லை. எங்கள் வீட்டு முற்றத்துக்கு வந்தார். “நீர் இழுத்ததுக்கு வலையை அறுக்கிறதோ? இது அவங்கள் விட்ட முதல் பிழை. எங்கடை பதில் எப்ப?” என்றார். இன்னும் பத்துப் பேர் பின்னால் நின்றார்கள். அவர்கள் பக்கத்தில் எண்ணிக்கை வேறுவிதமாக இருந்தது. வலை எல்லை கடந்தது எங்கள் பிழை, அறுத்தது அவர்களின் பதில், விஷயம் முடிந்தது. இரு பகுதியும் ஒரே கடதாசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

மறுநாள் காலை நீங்கள் கிணற்றடிக் கல்லில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தீர்கள். உங்களுக்கு விருப்பமில்லை என்பது உங்கள் முதுகிலேயே தெரிந்தது. செயலாளர் என்றபடியால் பதிலையும் நீங்களே செய்யவேண்டும் என்று நினைத்தீர்கள். கரைவலையில் மீன் சேரும் மடியை அறுக்காமல் இழுகயிற்றை மட்டும் அறுப்பதாக முடிவெடுத்திருந்தீர்கள். அதுதான் குறைந்த சேதம்.

நான் தண்ணீர் அள்ள வந்து நின்றேன்.

“பிள்ளை, ஒருக்காப் பதில் குடுத்தால் அதோடை நிக்கும் எண்டுதானே உன்ரை புத்தகத்திலை கிடக்கு?”

அண்ணை, பூவரசடியில் நான் பேசாமல் இருந்தேன். கிணற்றடியில் பேசினேன். “ஓம்,” என்றேன்.

நீங்கள் கத்தியை உடுத்திருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டு எழுந்தீர்கள். “பார்ப்பம்.”

அது நிற்கவில்லை. அவர்கள் இரண்டு வலை அறுத்தார்கள். நாங்கள் மடியை அறுத்தோம். அவர்கள் கரையில் காயப்போட்டிருந்ததையும் அறுத்தார்கள். ஒவ்வொரு முறையும் இது பதில் என்றுதான் இரு பகுதியும் சொன்னது. தொடங்கியவர் என்று ஒருவரும் இருக்கவில்லை. புது நைலோன் எங்கும் வராத காலம். பொத்தப் பொத்த வலை சிறுத்தது. மார்கழி பிறந்தபோது எங்கள் கரையில் முழுவலை என்று ஒன்று மிஞ்சவில்லை. அவர்களிடமும் அப்படித்தான். நீங்கள் யாரோடும் அதிகம் கதைக்கவில்லை. என்னை வெளிநாட்டமைச்சர் என்று கூப்பிடுவதையும் விட்டுவிட்டீர்கள். ஒருநாள் மட்டும், வலை பொத்தும்போது, தலை நிமிராமல் கேட்டீர்கள்: “அந்தப் புத்தகத்திலை இப்பிடி ஒண்டும் எழுதேல்லையோ?”

“நினைவில்லை அண்ணை,” என்றேன்.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். கோபமாகப் பார்க்கவில்லை. அதனால்தான் அந்தப் பார்வை என்னை விட்டு இன்னும் போகவில்லை. உங்களுக்கு விளங்கிவிட்டதா என்பது எனக்குத் தெரியாது. பிறகு ஊசியில் நூல் கோத்துத் தரச் சொன்னீர்கள். கோத்துத் தந்தேன்.

இந்த வருடத் தொடக்கத்தில் நாட்டில் போர் செய்த பெரிய இரு பகுதியாரும் சண்டை நிறுத்தியபோது சனம் வீதியில் நின்று சிரித்தது. கொஞ்சக் காலம் கடலைக்கூடக் கொஞ்சம் திறந்தார்கள். நான் வாசலில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலியைக் கேட்பேன். சித்திரையில் அது முறிந்தது. இவர்கள் மீறினார்கள் என்று அவர்களும், அவர்கள் மீறினார்கள் என்று இவர்களும் சொன்னார்கள். பக்கத்து வீட்டார் ஆளுக்கொரு பக்கம் நின்று வாதாடினார்கள். நான் பெடலை நிறுத்திவிட்டேன். அவர்களுக்கிடையிலும் யாரோ ஒருத்தி ஏதோ ஒரு மேசையில் பேனை மூடியைத் திருகிக்கொண்டு பேசாமல் இருந்திருப்பாளா என்று யோசித்தேன். அது சரியான ஒப்பீடு இல்லை என்பதும் தெரியும். நாடுகளின் கதையைக் கரைக்குக் கொண்டுவந்து ஒருமுறை பிழைவிட்டவள், கரையின் கதையை நாடுகளுக்குக் கொண்டுபோகப் பயப்படத்தான் வேண்டும்.

அந்தப் பாடத்தை நான் கைவிடவில்லை. கைவிட்டால் குற்றம் புத்தகத்தின்மேல் விழுந்துவிடும். புத்தகத்தில் எல்லாம் எழுதியிருந்தது. முன்பைவிட மெதுவாக வாசிக்கிறேன். கடைசிப் பக்கம்வரை வாசிக்காமல் ஒன்றையும் ஒருவருக்கும் சொல்வதில்லை. ஒருவர் எனக்குப் பிழை செய்தார் என்று தோன்றினால், கை தானாக எழும்ப முன்னர், அன்றைக்கு நீர் எந்தப் பக்கம் ஓடியது என்று யோசிக்கிறேன். பெரும்பாலும் பிந்தித்தான் யோசிக்கிறேன்.

அந்தக் கொப்பித்தாள் என்னிடம்தான் இருக்கிறது. இரண்டு கையெழுத்துக்கும் மேலே கொஞ்சம் இடமிருந்தது. இன்று காலை, கயிற்றை மடித்துக் கட்டச் சொன்னதற்குப் பிறகு, ஐந்தாவது வரியை எழுதினேன். ‘நீர் இழுத்தால், நடந்து போய்ச் சொல்ல வேண்டும். சொன்னவனுக்குக் கறிக்கு மீன் கொடுக்க வேண்டும்.’ என் கையெழுத்து முன்பு போல வடிவாக இல்லை.

அந்த மார்கழியின் நடுவில் நீங்கள் வலையை விட்டுவிட்டுத் தூண்டிலை எடுத்தீர்கள். கரையோரத்தில் தூண்டிலுக்கு மீன் இல்லை, தடைசெய்த வெளிக்கடலில்தான் இருந்தது. அது எல்லோருக்கும் தெரிந்ததால் அம்மா எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை. “மத்தியானத்துக்கு முன்னம் வந்திடுவன். கறிக்கு அரைச்சு வையுங்கோ,” என்றீர்கள் அம்மாவிடம். என்னிடம், “போட்டு வாறன், வெளிநாட்டமைச்சர்,” என்றீர்கள். பல நாளுக்குப் பிறகு. காலை ஒன்பது மணிக்கு வெளிக்கடலில் காவல் படகின் வெடிச் சத்தம் கேட்டது. கரையில் எல்லோரும் எழுந்து நின்றோம். சத்தம் எந்தப் பக்கம் என்று பார்க்கத் தெரிந்தவர்கள் எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பினார்கள்.

உங்கள் வள்ளத்தை வாடை நீர் மேற்கே கொண்டுபோனது. ஒற்றைப் பனையைக் கடந்து அது சூசையப்பர் வலை வளைக்கும் கடலுக்குள் போனது. அவர்கள் மிச்சமிருந்த வலையை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கயிற்றை விட்டுவிட்டுக் கடலுக்குள் இறங்கினார்கள். பத்துப் பேர் உங்களைத் தோளில் தூக்கிக்கொண்டு கரை வழியே நடந்து வந்தார்கள். முன்னால் சூசையப்பர். கடதாசியில் போகக்கூடாது என்று எழுதிய வழி. பின்னால் ஒருவர் ராசன் அண்ணையின் வலைத் துண்டுகளைக் கொண்டுவந்தார். உப்பு அலசி, மடித்து, மூன்று கட்டாகக் கட்டியிருந்தது. அதை அறுத்த அன்றே மடித்து வைத்ததாகவும், ஒரு பனையோலைப் பெட்டி மீனோடு பொழுதுபடும்வரை யாராவது வருவார்கள் என்று பார்த்திருந்ததாகவும் சூசையப்பர் அம்மாவிடம் சொன்னார். “வரப்படாது எண்டு எழுதிக் கிடந்ததாலை நாங்களும் வரேல்லை, பிள்ளை,” என்றார் என்னிடம்.

உங்களை மறுநாள் எரித்தோம். இரண்டு கரையும் வந்தது. அடுத்த கிழமை கடலை முழுதாக மூடினார்கள். அதற்குப் பிறகு ஒருவரும் வலை அறுக்கவில்லை.